சொல்லும் ஊரும்: மான்சூன்



சென்ற இதழில் நமது கட்டுமரம் ஆங்கிலேயர் நாவிலே ஏறிக் 'கட்டமரான்' ஆகிய வரலாற்றை எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் இருவர் நம்மை நேரிற் கண்டு, "நம்மை விட்டுப் போன சொற்களையே எழுதுகிறீர், நம் வீட்டில் வந்து குடியேறிய சொல் ஒன்றை எழுதலாகாதா?" என்று கேட்டனர். எழுதலாம். அதற்கு வேண்டிய சொல் சென்ற ஜூன் திங்களில் தானாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. வந்த வகைதான் மகிழத்தக்கதாயில்லை.

பாறசாலைக்கும் பாலராமபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் நெசவால் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டென்பதை இம்மடலின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுள் ஒருவர், நாம் அண்ணாச்சி என்று அழைக்கும் முதியவர். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவர். அவருடைய மகள் மும்பையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. அண்ணாச்சியும் அவர் மனைவியாரும் எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து கொங்கண் வழியாக வடக்கே போகும் வண்டியில் ஏறவேண்டும். மருமகன் முன்பே சீட்டு எடுத்து அனுப்பியிருந்தார். புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பு அண்ணாச்சி அந்தச் சீட்டை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நாம் பணிபுரியும் நிலையத்தில் அவ்வேளை சாளரத்தின் முன் நீண்ட வரிசை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அண்ணாச்சி, மான்சூன் டைம்டேபிள் வந்துவிட்டது, பார்த்துப் போங்கள்" என்றோம். அவரும் "சரி தம்பி" என்று சொல்லிச் சென்றார்.

புறப்படும் நாள் நல்ல வெயில். முதல் நாளும் வெயில்தான். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மான்சூன் என்றால் மழை, மழை பெய்தால் வண்டி நேரம் மாறும், மழையோ இல்லை, ஆகவே வண்டி பழைய நேரத்துக்குத்தான் போகும் என்று முடிவு செய்தார். எர்ணாகுளத்தில் அவ்விருவரும் பெட்டி படுக்கையோடும், பேறுகால மருந்துக்கென்று இடித்து வைத்த சுக்கு மிளகுப் பொடியோடும் போய் இறங்கியபோது, அவர்கள் ஏறவேண்டிய வண்டி புறப்பட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பதிவில்லாப் பெட்டியில் நெருக்குண்டு அவர்கள் மும்பை சேர்ந்தது இரண்டு நாள் கழித்து. குழந்தை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். ஆயினும் முதற்பேற்றின்போது தாய் அருகில் இல்லையே என்ற குறை அந்தப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் இனி எந்நாளும் இருக்கும்.

அண்ணாச்சி கணக்கிட்டதில் பிழை உண்டா? நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அவர் சொல்லின் பொருளை ஊர் வழக்குப்படி சரியாகவே கொண்டார். நாம்தான் ஒரு சொல்லை எறிந்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனோம். அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்க்கும் எண்ணம் அதனால் உண்டாயிற்று. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு நூலகமும், அறிந்தோர் சிலரும் துணை நின்றனர்.

மான்சூன் என்னும் சொல் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், கீழ்க்கடல்களுக்கு வரத் தொடங்கிய ஆங்கிலேயர் அதனைப் போர்த்துக்கீசியரிடமிருந்தும் ஒல்லாந்தரிடமிருந்தும் பெற்றனர். போர்த்துக்கீசியர் அதனை 'மோன்சாவ்ம்' என்பது போல ஒலித்தனர். கோவாவில் பேராயரிடம் செயலராயிருந்த லின்ஸ்கோடன் என்னும் ஒல்லாந்தர் தம் பயண நூலை 1596 இல் வெளியிட்டார். இரண்டாண்டில் அது ஆங்கிலத்திலும் வந்தது. இத்தகைய நூல்களின் வழியே கப்பற்காரர் பேச்சு நகரத்தார் பேச்சாயிற்று. ஆனால் போர்த்துக்கீசியரும் அச்சொல்லைத் தாமே படைக்கவில்லை. அரபு மாலுமிகளிடம் கேட்டுக்கொண்டனர். அரபியில் அது 'மவ்சிம்'.

மவ்சிம் என்றால் மழையா? அன்று. காற்றா? அதுவும் அன்று. குறித்த காலம் என்பதே அதன் பொருள். 'வஸம' என்னும் அடியிலிருந்து அது பிறந்தது. அடையாளமிடுதல், சூடு போடுதல் என்பது அவ்வடியின் கருத்து. பாலைவனத்துக் குலத்தார் தத்தம் ஒட்டகங்களின் மேல் இடும் சூட்டுக்குறிக்கு 'வஸ்ம்' என்று பெயர். ஒட்டகத்தின் மேல் குறி இட்டால் அது இன்னாருடையது எனத் தெரியும். அதுபோல ஆண்டின் மேல் குறி இட்ட காலம் மவ்சிம். அறுவடைக் காலம் ஒரு மவ்சிம். ஹஜ்ஜுப் பயணக் காலம் ஒரு மவ்சிம். கப்பல் புறப்படும் காலம் ஒரு மவ்சிம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகமது இப்னு மாஜித் என்னும் பெரும் மாலுமி தம் நூலில் துறைமுகந்தோறும் மவ்சிம்களைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். நைரூஸ் என்னும் ஆண்டுப் பிறப்பிலிருந்து இத்தனையாம் நாள் இத்துறையில் பாய் விரிக்கலாம், இத்தனையாம் நாளுக்குப்பின் கூடாது என்பது அக்கணக்கு.

இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டோம். அது கால அட்டவணையல்லவா! ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அன்று சாளரத்தில் 'மான்சூன் டைம்டேபிள்' என்றது, அறியாமலே அரபு மாலுமியின் பேச்சைப் பேசியதாயிற்று. வண்டி நேரம் மாறுவது மழை பெய்வதால் அன்று. மாற்றத்துக்கென்று குறிக்கப்பட்ட நாள் வந்துவிட்டதால். அண்ணாச்சிக்கு இது தெரிந்திருந்தால் அவர் வானத்தைப் பார்த்திருக்கமாட்டார், நாட்காட்டியைப் பார்த்திருப்பார்.

இந்தக் காலக் குறிப்பு அறியாதவன் கடலில் என்ன பாடு பட்டான் என்பதற்கு வாஸ்கோ ட காமாவே சான்று. 1498 ஏப்ரல் 24 இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து, வழி தெரிந்த மாலுமி ஒருவனைத் துணைகொண்டு புறப்பட்டவர், தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கிய காற்றின் முன்னே ஓடி மே 20 இல் கோழிக்கோட்டை அடைந்தார். இருபத்தாறே நாள். (அம்மாலுமி இப்னு மாஜிதே என்று முன்பு பலர் எழுதினர், ஆராய்ந்தோர் இப்போது அதனை ஒப்புவதில்லை.) திரும்பும்போது அவருக்குப் பொறுமை இல்லை. ஆகஸ்டு இறுதியில், காற்று மாறுமுன்பே கோழிக்கோட்டை விட்டார். கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவுத் தீவிலிருந்து அக்டோபர் 5 இல் ஆழ்கடலில் இறங்கினார். ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2 இல். இருபத்தாறு நாள் வழி மூன்று மாதமாயிற்று. ஈறு வீங்கும் ஸ்கர்வி நோயால் மாலுமிகள் பலர் மாண்டனர். வந்த காற்றே போகும்போதும் உதவும் என்று எண்ணியதன் விலை அது.

அரபியருக்கு முன்பே கிரேக்கரும் இக்காற்றை அறிந்திருந்தனர். கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற் செலவு' என்னும் சிறு நூல், ஹிப்பலஸ் என்ற மாலுமி நடுக்கடல் வழியைக் கண்டான் என்கிறது. தென்மேற்குக் காற்றுக்கே அவன் பெயரை இட்டு வழங்கினராம். அந்நூல் கூறும் 'பலிதா' என்னும் நல்ல துறை நம் நெய்யாற்றின்கரை வட்டத்து விழிஞமே என்று கருதுவோர் உளர். வர்க்கலை என்பாரும் உளர். எதுவாயினும், ஆய் மன்னர் காலத்திலிருந்து விழிஞம் துறைமுகமாய் விளங்கியது உறுதி. அதே விழிஞத்தில் 2025 மே 2 இல் புதிய பெருந்துறைமுகம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இன்று வரும் சரக்குக் கப்பல்கள் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் அங்கிருந்து பொழியூர் வரை கரையில் வள்ளம் இறக்குவோர் இன்றும் காத்திருக்கிறார்கள்.

அரபு மாலுமிகள், மழைக் காற்று உச்சத்தில் இருக்கும் நாட்களில் இக்கரையின் துறைகளுக்கு வருவதை நிறுத்துவர். அதனைக் கடல் அடைப்பு என்ற பொருளில் வழங்கினர். இக்காலத்தில் அரசே அடைக்கிறது. காரணம் வேறு, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பது. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை. எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்து மேற்குக் கரையிலோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே சுவர் ஒன்றுமில்லை, மணல்தான். அந்த மணலின் இருபுறத்திலும் ஒரே காற்று இரு நாட்களில் 'தொடங்குகிறது'. குறி இடுவது மனிதன்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, குறித்த காலம் என்ற சொல் எப்படி மழையாயிற்று என்று பார்ப்போம். கப்பற்காரனுக்குக் காலத்தைக் குறிப்பது காற்று. ஆகவே அவன் வாயில் மவ்சிம் காற்றாயிற்று. 1686 இல் ஹாலி என்னும் ஆங்கில அறிஞர் (வால்வெள்ளிக்குப் பெயர் தந்தாரே, அவரேதான்) உலகக் காற்றுகளைப் படமாக வரைந்து, வெயிலில் நிலம் சூடேறுவதே கடற்காற்றை உள்ளே இழுக்கிறது என்ற விளக்கத்தைத் தந்தார். கோடையில் நிலத்தை நோக்கியும் குளிரில் கடலை நோக்கியும் திசை மாறி வீசும் காற்று என்பது அப்போது மான்சூனுக்கு இலக்கணமாயிற்று. பின்பு ஆங்கிலேயர் நிலத்திலே ஆட்சி பெற்றனர். நிலத்தில் இருப்பவனுக்குக் காற்றைவிட அது கொண்டுவரும் மழையன்றோ பெரிது? வரி வசூலும் பஞ்சமும் அதனையே பற்றியன. அவ்வாறு காலம் காற்றாகி, காற்று மழையாகி, பூகோளப் புத்தகத்தில் 'மான்சூன் காலநிலை' என்று ஒரு நாட்டின் தட்பவெப்பத்துக்கே பெயராகவும் ஆயிற்று. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்கு நீண்ட இடம் உண்டு.

மூலச் சொல்லோ தன் உடன்பிறப்புகளை உலகெங்கும் விட்டிருக்கிறது. இந்தியில் 'மௌசம்', மும்பையில் வாழும் நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்வது. மலாய் மொழியில் 'மூசிம்'. பினாங்கிலும் கிள்ளானிலும் உள்ள நம் உறவினர் பழமுதிர் காலத்தைக்கூட அச்சொல்லால் குறிப்பர். துருக்கியில் 'மெவ்சிம்'. கிழக்காப்பிரிக்கச் சுவாகிலியில் 'ம்சிமு'. இவை எல்லாம் இன்றும் பருவம் என்றே பொருள் தருகின்றன. ஐரோப்பா சென்று திரும்பிய சொல் மட்டுமே நனைந்து வந்திருக்கிறது.

நம் தமிழில் இதற்குப் பருவம் என்கிறோம். பருவக்காற்று, பருவமழை என்று பிரித்துச் சொல்வது ஆங்கிலத்தைவிடத் தெளிவு. பருவம் என்பது கணு என்னும் பொருளுள்ள வடசொல்லோடு உறவுடையது என்பர் சிலர். தனித்தமிழே என்பர் சிலர். அவ்வழக்கில் நாம் புகவில்லை.

ஆனால் தமிழிலும் நம்மை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு. இவ்வெல்லைப்புறத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு அதன் கதை தெரிந்திருத்தல் நலம். நான்கு திசைக் காற்றுக்கும் நம் முன்னோர் நான்கு பெயர் வைத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். கொண்டல் என்றால் மேகம். கோடை என்றால் வெப்பம். மழையைக் கிழக்குக் காற்றிலும் வறட்சியை மேற்குக் காற்றிலும் வைத்துப் பெயரிட்டவர்கள் மலைக்குக் கிழக்கே இருந்தவர்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. தென்மேற்குக் காற்று மலையாளக் கரையிலே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, மலையேறி இறங்கும்போது வெறுங்கையாய், உலர்ந்து வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது வீசும் வேகத்தை முப்பந்தலின் காற்றாலைகளைக் கண்டோர் அறிவர். இலங்கையில் மட்டக்களப்புத் தமிழர் அதே காற்றைக் கச்சான் என்று சொல்லி, அதன் வெக்கைக்கு அஞ்சிக் கதவடைப்பர். பாறசாலையிலிருந்து ஆரல்வாய்மொழிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பதுக்குள் ஒரே காற்று மழையாயிருந்து வறட்சியாகிவிடுகிறது.

அண்ணாச்சி இப்பக்கம் வந்த முதலாண்டில் நடந்ததை அவர் வாயாலேயே நாம் கேட்டிருக்கிறோம். வைகாசி நடுவில் மேற்கிலிருந்து காற்றுக் கிளம்பியது. வள்ளியூரில் அது பாவு காயவைக்க ஏற்ற காற்று. நெசவறியாத வாசகர்க்காகச் சொல்கிறோம்: கஞ்சி ஏற்றிய பாவு நூலைத் தெருவிலே நீள இழுத்துக் கட்டி, சீவி, இழை ஒட்டாமல் உலர்த்தவேண்டும். உலரும் வரையில் ஒரு துளி படலாகாது. "கோடைக் காற்று எழும்பிவிட்டது, நல்ல காலம்" என்று அவர் மகிழ்ந்து முழுப் பாவையும் தெருவில் விரித்தார். பக்கத்து வீட்டு மலையாள அம்மையார் திண்ணையிலிருந்து, "இடவப்பாதி அல்லே, இதெந்தா செய்யுன்னது?" என்று கூவினாராம். இவருக்கு அப்போது மலையாளம் அவ்வளவாகப் பழக்கமில்லை. இடவம் என்பது நம் வைகாசி என்றும், அதன் பாதியில் மழை இறங்கும் என்றும் அச்சொல்லிலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்றும் அவர் அறிந்தது, பாவு முழுதும் நனைந்து, கஞ்சி கரைந்து, நூல் சிக்கிப் போனபின்புதான். ஒரு மாத உழைப்பும், முன்பணமாய் வாங்கிய நூலும் போயின. அந்தக் கடனை அடைக்க அவருக்குத் தீபாவளி கடந்தது.

ஆகவே அவரை இருமுறை ஏமாற்றியவை சொற்களே. முதலில் தமிழ்ச் சொல். முப்பதாண்டு கழித்து ஆங்கிலச் சொல். இரண்டும் வேறிடத்தில் பொருள் பெற்று இங்கு வந்தவை, அவரைப்போலவே.

மலையாளத்தார் வழங்கும் சொற்களை நாம் கூர்ந்து நோக்கினால் அவை இவ்வூர்க்கே அளந்து தைத்தவை என்பது தெரியும். தென்மேற்கு மழை காலவர்ஷம். அது குறித்த காலத்தில் வருவது என்பதே பெயர், மவ்சிமைப்போல. வடகிழக்கு மழை துலாவர்ஷம். துலாம் என்பது நம் ஐப்பசி. உழவருக்கு இன்னும் நுணுக்கமான கணக்கு உண்டு. அது ஞாற்றுவேலை. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் பதின்மூன்று பதினான்கு நாளுக்கு ஒரு ஞாற்றுவேலையாக ஆண்டுக்கு 27. இச்சொல் நமக்கு அயலானதன்று. ஞாயிற்றின் வேளை என்பதே. ஜூன் பிற்பகுதியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையில் ஊன்றிய கொம்பு தழைக்கும் என்பர். நம் பஞ்சாங்கத்திலும் சூரியன் திருவாதிரையில் புகும் வேளையை வைத்து மழைப்பலன் எழுதுகிறார்கள். மார்கழியில் கர்ப்போட்டம் பார்க்கிறார்கள்.

போர்த்துக்கீசியர் மிளகுக் கொடியையும் வெட்டித் தம் நாட்டுக்குக் கொண்டுபோக முயன்றபோது, அமைச்சர் மங்காட்டச்சன் கலங்க, கோழிக்கோட்டுச் சாமூதிரி சிரித்து, கொடியைத்தானே கொண்டுபோவார்கள், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்றாராம். இது செவிவழிக் கதை. ஆனால் அவர்கள் அச்சொல்லின் அரபுப் பங்காளியைக் கப்பலேற்றிக் கொண்டுதான் போயிருக்கிறார்கள்; அதைச் சாமூதிரி கவனிக்கவில்லை போலும்.

இக்காலத்தில் மழைக்காலம் தொடங்கியது என்று அறிவிப்பது வானிலைத் துறை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. மினிகாய், அமினி, திருவனந்தபுரம், புனலூர், கொல்லம் என்று தொடங்கி மங்களூர் வரை 14 நிலையங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மே 10 க்குப்பின் அவற்றுள் நூற்றுக்கு அறுபது நிலையங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரேனும் மழை பெய்து, மேலைக்காற்று உரிய உயரத்துக்கும் வேகத்துக்கும் வளர்ந்து, மேகமூட்டமும் போதிய அளவு இருந்தால், இரண்டாம் நாள் அறிவிப்பு வரும். வழக்கமான நாள் ஜூன் 1. 2023 இல் ஜூன் 8 ஆயிற்று. 2025 இல் மே 24 இலேயே வந்துவிட்டது, 2009 க்குப்பின் அவ்வளவு முந்தியதில்லை. நம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அப்பதினான்கில் இல்லை. ஆகவே 'மான்சூன் வந்தது' என்று வானொலி சொல்லும் நாளில் நம் முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தால் வானொலி பொய் சொல்வதாக எண்ணவேண்டா.

இந்தக் கணக்கெடுப்பும் நம் மண்ணில் பழையதே. சுவாதித் திருநாள் மகாராஜா 1837 இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவினார். பின்னர் அதன் தலைவராய் வந்த ஜான் ஆலன் புரூன், நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையின் உச்சியிலேயே 1855 இல் ஒரு நிலையம் அமைத்துக் காற்றையும் குளிரையும் அளந்தார். தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவர் வீற்றிருப்பதாக நாம் நம்பும் சிகரத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வெப்பமானியோடு குந்தியிருந்த காட்சியை நினைக்குந்தோறும் நமக்குப் புன்னகை வருகிறது. முனிவர் கோபித்ததாகத் தெரியவில்லை.

அறிவிப்பில் வரும் சொல் உரிய நேரத்தில், உரியவருக்கு விளங்கும்படி போய்ச் சேராவிட்டால் நேர்வது வண்டி தவறுவது மட்டுமன்று. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, பூந்துறை, விழிஞம், தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் பலர் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று அறிக்கையில் படிப்படியாக ஏறிய சொற்கள் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அக்கரையில் இன்னும் படங்களுக்கு மாலை போட்ட வீடுகள் வரிசையாய் உள்ளன.

இனிக் கொங்கண் வண்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். 1998 இல் முழுதும் திறக்கப்பட்ட அப்பாதை மலையைக் குடைந்தும் வெட்டியும் போட்டது. 2003 ஜூனில் வைபவவாடி அருகே பாதையில் சரிந்த பாறையில் வண்டி மோதி ஐம்பது பேருக்குமேல் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில் மற்றொரு விபத்து. மழைக்காலத்தில் அங்கு வண்டிகள் வேகம் குறைத்தே ஓடுகின்றன. பெருமழையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. அதற்கேற்ப, வடக்கே போகும் சில வண்டிகள் கேரளத்திலிருந்து முன்னதாகவே புறப்படும். இம்மாற்றம் ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை. தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஆண்டுதோறும் முன்கூட்டி அறிவிக்கப்படும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்நாட்களில் புதிய நேரமே நேரம். மும்பை, புனே, தில்லிப் பக்கம் பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டார், இரண்டு மாதம் முன்பே சீட்டு எடுத்திருந்தாலும், புறப்படும் வாரத்தில் ஒருமுறை நேரத்தைக் கேட்டுக்கொள்க. 139 என்ற எண்ணில் கேட்கலாம். நம் சாளரத்திலும் கேட்கலாம்.

நம் சாளரத்தில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மான்சூன் என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டோம். சிறு தாளில் வண்டியின் பெயரையும், புறப்படும் மணியையும், 'மழை இல்லாவிட்டாலும் இதே நேரம்' என்ற நான்கு சொற்களையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுக்கிறோம். வரிசையில் நிற்போர் சிலர் முணுமுணுக்கின்றனர். ஒருவருக்கு எழுத அரை நிமிடம்தான்.

அண்ணாச்சி தம்பதியர் ஐப்பசியில் திரும்பி வந்தனர். அண்ணாச்சி நம்மைக் கண்டு பேரனின் படத்தைச் செல்பேசியில் காட்டினார். நாம் நம் பிழையைச் சொல்லி வருந்தியபோது, "விடுங்க தம்பி, நானும் கேட்டிருக்கணும்" என்றார். அவர் மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர்கள் தெருவழியே விடியற்காலையில் போனபோது பாவு விரித்துக் கட்டியிருந்தது. துலாவர்ஷம் ஆயிற்றே என்றோம். அது உச்சி சாய்ந்து இடி இடித்துத்தான் இறங்கும், பதினொரு மணிக்குள் சுருட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே அவர் இழைகளைச் சீவிக்கொண்டிருந்தார்.